வாய்க்கால் துப்புரவுக்கு உறவு வேண்டுமா, ஒழுங்கு வேண்டுமா?

பரந்தன் பேரன்:

ஊரிலிருந்து, கிளிநொச்சிப் பரந்தனிலிருந்து, கமக்கார அமைப்பின் செய்தி போன கிழமை வந்தது. மழை குறைந்த பருவத்துச் சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் திறக்க முன்னம் வயல் வாய்க்கால் துப்புரவாக்க வேண்டும். காணிக்காரர் நேரில் வரலாம், ஆள் அனுப்பலாம், இரண்டும் முடியாவிட்டால் ஏக்கர் கணக்கில் காசு கட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டோம். பதில் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம். எங்கள் வாய்க்காலில் காணி உள்ளவர்களில் பலர் இப்போது கொழும்பு வெள்ளவத்தையிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள்.

என் அப்பப்பா காலத்தில் இதற்குச் செய்தியே தேவைப்படவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். பெரியப்பா ஒரு துண்டு, மாமா ஒரு துண்டு, சித்தப்பாவின் மச்சான் ஒரு துண்டு என்று தடியால் அளந்து பிரித்து, சம்பு, சல்வீனியாக் களைகளை வெட்டிக் கரையில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்களாம். வராதவனுக்கு அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுக்க முடியாது. அந்தப் பயமே போதும்.

நான் சொல்ல வருவது இதுதான். பொதுவான வாய்க்காலில் ஒரு கமக்காரன் உழைப்பையும் காசையும் போடுவது உறவு இருப்பதால். அது அறுந்த இடத்தில் எத்தனை சட்டம் போட்டாலும் வாய்க்கால் தூர்ந்துதான் போகும். வன்னியின் பழைய சிறு குளங்களைப் பாருங்கள். குளக்கட்டில் ஐயனார், கட்டுக்குக் கீழே ஒரே சொந்தம். எந்தத் திணைக்களமும் இல்லாமல் அந்தக் குளங்கள் எத்தனையோ தலைமுறை நின்றன. உங்கள் கருத்து என்ன?

நீரளவை:

தம்பி, உங்கள் கவலை நியாயமானது. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நான் நீர்ப்பாசன வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன்.

முதலில் பரந்தனையே எடுங்கள். அதன் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் இரணைமடு போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய பெருங்குளம். அந்தக் குளத்தின் கீழே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் யாழ்ப்பாணத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். வரும்போது அவர்களில் பலர் ஒருவருக்கொருவர் அந்நியர். நீங்கள் சொல்கிற பெரியப்பா, மாமா உறவெல்லாம் பிறகு ஒரே வாய்க்காலில் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தது.

இரண்டாவது, பழைய ஊர்களிலும் வெறும் முகத்தாட்சணியத்தில் எதுவும் நடக்கவில்லை. வயல் வேலையையும் தண்ணீரையும் மேற்பார்த்தவரை எங்கள் பக்கம் வட்டவிதானை என்போம். விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு. தன் துண்டை வெட்டாதவனுடைய வேலையை வேறு ஆளைக் கொண்டு முடித்து அவனிடம் காசு அறவிட அவருக்கு வழி இருந்தது. 1832இல் இராசகாரிய முறை ஒழிந்து கட்டாய உழைப்பு நின்றபோது, குளங்கள் பாழாகின்றன என்ற முறைப்பாடு வலுத்தது. அதனால்தான் 1856இல் பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலுக் கொடுத்து நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். உறவு மட்டும் போதுமென்றால் அந்தச் சட்டத்துக்கு என்ன தேவை? உறவு 1832க்குப் பிறகும் இருந்ததுதானே.

முருங்கன் வயல்:

ஐயா சொன்ன விதானை யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நிறையக் காணி வைத்திருந்தவர்களின் வீட்டிலிருந்துதான் அவர்கள் வந்தார்கள். அதனால்தான் 1958இல் விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, விதானையை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தார்.

நான் புறக்கோட்டையில் கடையில் நிற்கிறேன். அப்பா ஊரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழே குத்தகைக்கு விதைக்கிறார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு பரப்பும் இல்லை. பரந்தன் அண்ணை சொல்கிற 'ஒரே சொந்தம்' என்ற வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் நாங்கள். வாய்க்கால் வெட்டும் நாளில் முதலில் மண்வெட்டியோடு நின்றதும் நாங்கள்தான். கூட்டத்தில் யாருக்கு எந்த முறையில் தண்ணீர் என்று பேசும்போது அப்பா கதவு நிலையில் நின்று கேட்டுவிட்டு வருவார். சட்டத்தில் பயிர்செய்பவருக்கும் இடம் இருக்கிறது, நடைமுறையில் காணி உள்ளவருக்குத்தான் வாய்.

தமிழ்நாட்டிலும் இதே கதை. ஊரே சேர்ந்து ஏரி வாய்க்காலைப் பராமரித்த முறையைக் குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசுகிறார்கள். அங்கே மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். மடையைத் திறக்கும் கை அவர்களுடையது, எப்போது திறப்பது என்று சொல்லும் வாய் வேறு ஆட்களுடையது. 1858இல் ஆங்கிலேயர் அந்த உழைப்பைச் சட்டப்படி கட்டாயமாக்கவும் செய்தார்கள். ஆகவே உறவு என்று சொல்லும்போது, யாருக்கு யார் உறவு, யார் யாருக்கு வேலைக்காரன் என்றும் கேளுங்கள்.

பரந்தன் பேரன்:

அண்ணை, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது உறவின் எல்லை எங்கே என்ற பிரச்சினை. உறவால் முதலீடு வரவில்லை என்று அது காட்டவில்லையே. வட்டத்துக்குள் இருந்தவர்கள் போட்டார்கள். வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீரளவை ஐயாவுக்கு ஒரு கேள்வி. சட்டமும் காசும்தான் வழி என்றால், 1984இல் அரசாங்கம் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் ஏக்கருக்கு 100 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் வைத்ததே, அது என்ன ஆனது? சில வருடத்துக்குள் கட்டுகிறவர்கள் அருகிப் போனார்கள். சட்டம் இருந்தது, அதிகாரி இருந்தார், பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருந்தது.

நீரளவை:

அது விழுந்ததற்குக் காரணம் உறவு இல்லாதது அல்ல. கட்டினவனுக்கும் கட்டாதவனுக்கும் ஒரே தண்ணீர் போனது. கட்டிய காசு தன் வாய்க்காலுக்கு வந்ததா, வேறு எங்காவது போனதா என்று கமக்காரனுக்குத் தெரியவில்லை. கட்டாதவன் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அப்படியிருந்தால் நானும் கட்ட மாட்டேன். அது ஒழுங்கு இல்லாததன் பலன். ஒழுங்கு வைத்துத் தோற்றது என்று அதைச் சொல்ல முடியாது.

உறவு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இரவில் உரப்பையில் மண் நிரப்பி, ஒரு வாழைக்குற்றியையும் சேர்த்து வாய்க்காலில் குறுக்கே போட்டு மறிப்பார்கள். விடிய முன்னம் எடுத்துவிடுவார்கள். காலையில் போய்ப் பார்த்தால் மேல் வயலில் தண்ணீர் வரம்பு முட்ட நிற்கும், கீழே வாய்க்காலில் சேறு வெடித்திருக்கும். யார் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அமைப்பின் தலைவருக்கும் தெரியும். ஆனால் போட்டவர் அவருடைய மச்சான். கடைசிக் காணிக்காரன் வந்து முறையிட்டால், 'விடு, சொந்தக்காரருக்குள்ள என்ன சண்டை' என்று முடித்துவிடுவார்கள். அந்நியனாக இருந்தால் தண்டம் எழுதியிருப்பார்கள்.

வட்டைக்காரி:

நான் கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கிறேன், ஊர் அம்பாறைக் கரையோரம். நீங்கள் இரண்டு பேரும் பேசுவதைப் பார்த்தால் கல்லோயா ஆற்று நீர்ப்பாசனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு அது பட்டிப்பளை ஆறு.

உறவு என்று சொல்ல எதுவுமே இல்லாத இடம் அது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கி, மேலே சிங்களக் குடியேற்றங்கள் வந்தன. கீழே கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும். 1956இல் அங்கே தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மேல் வாய்க்காலில் ஒரு மொழி, கடை வாய்க்காலில் இன்னொரு மொழி, நடுவில் அந்த வரலாறு. எழுபதுகளின் கடைசியில் இடதுகரை வாய்க்கால்கள் நாட்டிலேயே மோசமான நிலையில் இருந்தவற்றில் சேர்த்தி. கதவுகள் உடைந்திருந்தன, கரைகள் கரைந்திருந்தன, சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசிக் காணிக்குத் தண்ணீர் போவது அபூர்வம்.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை வயல் வாய்க்கால்களுக்கு அனுப்பின. கோர்னெலின் நோர்மன் அப்ஹோஃப் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். வந்தவர்கள் கூட்டம் போட்டுச் சங்கம் பதியவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரே வயல் வாய்க்காலில் விதைக்கிற பத்து இருபது பேரைச் சேர்த்து, உங்களுக்குள் முதலில் எதைச் சரிசெய்யலாம் என்று கேட்டார்கள். அந்த வருடம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறக்குறைய கால்வாசிதான். ஒருவரோடொருவர் அடிபட வேண்டிய போகம் அது. ஆனால் சில கிழமைக்குள் வாய்க்கால்களை வெட்டத் தொடங்கினார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். கீழே இருந்தவர்கள் தமிழர் என்று தெரிந்தும் விட்டார்கள்.

1997 சிறுபோகத்திலும் தண்ணீர் போதாது என்றுதான் அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். கமக்காரர் அமைப்புகள் பேசிப் பங்கிட்டு நல்ல விளைச்சலே எடுத்தன. இங்கே எந்த மச்சான் உறவு வேலை செய்தது?

பரந்தன் பேரன்:

டீச்சர், வெளியிலிருந்து ஆளும் காசும் வந்தால் கொஞ்ச நாளைக்கு எதுவும் நடக்கும். அந்த இளைஞர்கள் தற்காலிக வேலையில் இருந்தவர்கள். நிரந்தர ஆசிரியர் வேலை கிடைத்ததும் நிறையப் பேர் போய்விட்டார்கள் என்றுதான் நானும் வாசித்திருக்கிறேன்.

நீரளவை:

இங்கே நான் தம்பி பக்கம். கல்லோயாவில் வாய்க்கால் திருத்தமும் அதே திட்டத்தில்தான் நடந்தது. அமெரிக்க உதவிப் பணம் வந்தது. கதவும் கட்டும் சரியானதால் தண்ணீர் போனதா, கூட்டம் போட்டதால் போனதா என்று பிரிப்பது கடினம்.

வட்டைக்காரி:

பிரிக்கலாம் ஐயா. கமக்காரர் தாங்களாக இறங்கி வாய்க்கால் வெட்டியதும், முறை வைத்ததும், கீழே தண்ணீர் விட்டதும் அவர்களின் வாய்க்காலில் திருத்த வேலை தொடங்க முன்னம். வரிசை அதுதான். இளைஞர்கள் போன பிறகும், திட்டம் முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 1997இலும் அந்த அமைப்புகள் நிலைத்திருந்தன. 1988இல் கமக்காரரையும் நிர்வாகத்தில் சேர்க்கும் பங்கேற்பு முகாமைத்துவம் என்று அரசாங்கம் நாடு முழுக்கக் கொள்கை எடுத்ததற்கும் அந்த அனுபவம் ஒரு காரணம். தம்பி சொல்வது போலக் கொஞ்ச நாள் கூத்து இல்லை அது.

பம்பலப்பிட்டிவாசி:

எங்கள் தொடர்மாடியில் தண்ணீர் மோட்டர் பழுதானபோது முதலில் காசு கொடுத்தவர்கள் மேல் மாடிக்காரர். நிலத் தளத்துக்குக் குழாயில் நேராகத் தண்ணீர் வரும், அவர்கள் கடைசி வரை தரவில்லை. இதில் சாதி, ஊர், மதம் எதுவும் பார்க்கவில்லை. யாருக்குத் தண்ணீர் நிற்கிறதோ அவர்தான் காசைப் போடுகிறார்.

ஆய்வு மாணவி:

பம்பலப்பிட்டிவாசி சொன்னது இந்த விவாதத்தின் நடுப்புள்ளி. வாய்க்காலில் எல்லோரும் சமம் இல்லை. தலைப்பில், அதாவது தண்ணீர் முதலில் வரும் இடத்தில், இருப்பவருக்கு வாய்க்கால் தூர்ந்தாலும் தண்ணீர் ஏறும். கடைசியில் இருப்பவர்தான் வாடுவார். அப்படியென்றால் தலைப்புக்காரர் எதற்காக மண்வெட்டி எடுக்க வேண்டும்?

2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோமும் அவரோடு வேலை செய்தவர்களும் நேபாளத்தில் நிறைய வாய்க்கால்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே கமக்காரர் தாங்களே கட்டிய அணை, மரக்கொப்பும் கல்லும் மண்ணும். மழைக்காலத்தில் அடித்துக்கொண்டு போகும், திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு நிறையக் கை வேண்டும், தலைப்புக்காரர் தனியாகக் கட்ட முடியாது. கடைசிக் காணிக்காரர், 'எங்களுக்குத் தண்ணீர் விட்டால்தான் அணை கட்ட வருவோம்' என்று சொல்லலாம். அதனால் அவர்களுக்கும் தண்ணீர் போனது. பிறகு உதவி நிறுவனங்கள் வந்து உடையாத கொங்கிறீற் அணை கட்டிக் கொடுத்த இடங்களில் என்ன நடந்தது? கடைசிக்காரரின் உழைப்பு தலைப்புக்காரருக்குத் தேவைப்படவில்லை. மொத்தமாகப் பார்த்தால் கடைக்காணிக்குத் தண்ணீர் போவது அந்த இடங்களில்தான் குறைவு. கட்டு நல்ல கட்டு, வாய்க்கால் மோசம்.

கொங்கிறீற் வந்ததால் உறவு முறை மாறவில்லை. மாறியது ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிறார்களா என்பது. பரந்தன் அண்ணாவின் அப்பப்பா காலத்து ஒற்றுமையையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அப்போது மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் இல்லை. வாய்க்காலை வெட்ட ஆள் வேண்டும். மச்சானைப் பகைத்தால் அடுத்த போகத்துக்குக் கை குறையும்.

பரந்தன் பேரன்:

அப்படியானால் கொங்கிறீற் போடவே கூடாதா? யுத்தத்தில் உடைந்ததெல்லாம் கிடக்கட்டுமா? 2009இல் சனம் செட்டிகுளம் முகாமிலும், பிறகு திரும்பி வந்து தகரக் கொட்டிலிலும் இருந்தபோது மண்வெட்டியே இல்லை, விதைநெல்லும் இல்லை. இரணைமடுக் கட்டை யார் கையால் திருத்துவது?

ஆய்வு மாணவி:

போட வேண்டும் அண்ணா. எங்கே போடுவது, எதை விடுவது என்று கமக்காரரிடம் கேட்டுப் போட வேண்டும். அவர்களும் ஒரு பங்கைப் போட வேண்டும். வோல்ற்றர் கவர்ட் என்ற ஆய்வாளர் இதை நன்றாகச் சொன்னார். ஒரு அணையில் உழைப்பைப் போடுகிறவருக்கு அந்தத் தண்ணீரில் உரிமை பிறக்கிறது. சேர்ந்து போட்டவர்களுக்குள் அந்த உரிமைதான் உறவாகிறது. அரசாங்கம் முழுதையும் தானே கட்டிக் கொடுத்தால் இது அரசாங்கத்தின் வாய்க்கால் என்றாகிவிடும். பிலிப்பைன்ஸின் இலோக்கோஸ் பகுதியில் சஞ்செரா என்ற அமைப்புகள் இருக்கின்றன. அங்கே எத்தனை பங்கு வைத்திருக்கிறீர்களோ அத்தனைக்கு ஆளும் பொருளும் கொடுக்க வேண்டும், ஓட்டும் அதன்படிதான். மூங்கிலும் வாழையிலையும் மண்ணும் வைத்துக் கட்டும் அணை ஆற்றில் போகப் போக, திரும்பத் திரும்பக் கட்டினார்கள். ஆகவே வரிசையை நீங்கள் மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்பது என் வாதம். முதலில் முதலீடு, அதிலிருந்து உறவு.

நீரளவை:

இதோடு எனக்குச் சரிவரும், ஒரு திருத்தத்தோடு. ஒஸ்ட்ரோம் காட்டிய இன்னொரு ஊர் ஸ்பெயினில் வலென்சியா. அங்கே தண்ணீர் நீதிமன்றம் ஒவ்வொரு வியாழனும் தேவாலய வாசலில் கூடும். வழக்கறிஞர் இல்லை. கமக்காரரே தெரிவு செய்தவர்கள் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். தப்புச் செய்தவன் யாருடைய மச்சானாக இருந்தாலும் எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டும். தேவைதான் ஆட்களைக் கொண்டுவருகிறது என்று மாணவி சொல்கிறார். சரி. வந்தவர்களைத் தண்டம்தான் நிறுத்தி வைக்கிறது. தமிழ்நாட்டில் பொருளியலாளர் பிரணாப் பர்தான் 48 பாசனக் குழுக்களைப் பார்த்து எழுதியதிலும், கமக்காரர் தாங்களே வகுத்த விதியைத்தான் அதிகம் மதிக்கிறார்கள் என்று வருகிறது. காணி ஏற்றத்தாழ்வு கூடிய இடத்தில் ஒத்துழைப்புக் குறைவு என்றும் வருகிறது. முருங்கன் தம்பி சொன்னதற்கு அது பொருந்தும்.

உறவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் கிட்டிய உதாரணம் இரணைமடு–யாழ்ப்பாணக் குடிநீர்த் திட்டம். ஆசிய அபிவிருத்தி வங்கிப் பணத்தில் 2010 அளவில் வந்தது. யாழ்ப்பாணத்தாரும் கிளிநொச்சியாரும் நேரடி உறவினர், ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. ஆனாலும் கமக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம்தான் வந்தது. உறவு எங்கே போனது?

பரந்தன் பேரன்:

ஐயா, அதை நான் நேர்மாறாகப் படிக்கிறேன். இரணைமடுவின் கீழே 20,000 ஏக்கருக்கு மேல் வயல். மழைக்கால விதைப்பான காலபோகம் மழையோடு போய்விடும். சிறுபோகத்துக்கு முழுக் காணிக்கும் தண்ணீர் போதாது. கிடைக்கிறதைப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் தன் காணியில் ஒரு பகுதிக்கு மட்டும் உரிமை எடுத்து, வாய்க்காலுக்குக் கிட்டிய வயல்களில் சேர்ந்து விதைக்கிறார்கள். தன் காணியைச் சும்மா விட்டு இன்னொருவர் வயலில் விதைக்கிற அளவுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். எங்கள் விதைப்புக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டபோது அவர்களுக்கு நம்பும்படி பதில் கிடைக்கவில்லை. உறவு இல்லாமல் மறுத்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பங்கீடே உறவால் நிற்கிறது. வெளியே தண்ணீர் போனால் அது உடையும் என்று பயந்தார்கள்.

வட்டைக்காரி:

இவ்வளவு பேசியும் ஒரு ஆளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. யுத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை வயல்களைப் பெண்கள் தனியாகப் பார்க்கிறார்கள்? காணி உறுதி இறந்த அல்லது காணாமல்போன கணவரின் பேரில். அமைப்பின் புத்தகத்திலும் அவர் பேர். வாய்க்கால் துப்புரவுக்கு மட்டும் அந்த அம்மாவிடம் ஆள் கேட்பார்கள். அவருக்கு நாட்கூலி கொடுத்து ஆள் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பெண் வெட்டினால் அரை ஆள் என்று கணக்கு. இரவில் முறைத் தண்ணீர் வந்தால் தனியாகப் போய் மடை பார்க்க முடியாது. அயலில் நல்ல உறவு இருந்தால் பக்கத்து வயல்காரர் இவருடைய மடையையும் திறந்துவிட்டுப் போவார். அந்த விடயத்தில் பரந்தன் தம்பியின் உறவு பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தயவு. அடுத்த போகம் அவர் திறக்காவிட்டால் கேட்க இடமில்லை. புத்தகத்தில் பேர் இருந்தால் கேட்கலாம்.

முருங்கன் வயல்:

டீச்சர் சொன்ன அதே புத்தகத்தில்தான் எங்கள் பேரும் இல்லை.

பரந்தன் அண்ணை, ஒன்றை நேரடியாகக் கேட்கிறேன். உங்கள் காணியை இப்போது யார் விதைக்கிறார்?

பரந்தன் பேரன்:

குத்தகைக்குக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு போகத்துக்கும் பேசி. அதனால்தான் யோசிக்கிறேன், வாய்க்கால் காசை நான் கட்டுவதா, விதைக்கிறவர் கட்டுவதா என்று. தண்ணீரின் பலன் அவருக்குத்தானே.

முருங்கன் வயல்:

இந்தப் போகத்துப் பலன் அவருக்கு. அடுத்த போகம் நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அவர் இன்று வாய்க்காலை ஆழமாக வெட்டிக் கரையைத் திருத்தினால், அதன் மிச்சப் பலன் உங்களுக்கும் அடுத்து வருகிறவருக்கும். என் அப்பா இதே நிலையில்தான் இருக்கிறார். மேலாகப் புல்லைச் செதுக்கிவிட்டு வருவார். அதற்கு மேல் அவர் ஏன் செய்ய வேண்டும்? ஊர்ப் பற்று இல்லை என்று அவரைச் சொல்கிறார்கள். அந்த ஊரில் அவருக்கு ஐந்து போகத்துக்குக் காணி தரட்டும், அவர் கரை கட்டுவதை வந்து பாருங்கள்.

பரந்தன் பேரன்:

ஐந்து போகம் எழுதிக் கொடுக்க யாருக்கும் பயம் அண்ணை. குத்தகைக்காரராகப் பதிந்துவிட்டால் பிறகு இலேசில் எழுப்ப முடியாது என்று 1958 சட்டத்திலிருந்து 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை பார்த்து எல்லோரும் சொல்கிறார்கள். அப்பப்பா காடு வெட்டி எடுத்த காணி அது. அதை இழக்க நான் தயாரில்லை.

முருங்கன் வயல்:

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பாருங்கள், உழவனைக் காக்க வந்த சட்டத்துக்குப் பயந்து காணிக்காரர் ஒவ்வொரு போகமும் ஆளை மாற்றுகிறார். ஆள் மாறுவதால் வாய்க்காலில் ஒருவரும் உழைப்பைப் போடுவதில்லை. வாய்க்கால் தூர்ந்தது உறவு செத்ததால் என்று நீங்கள் இங்கே எழுதுகிறீர்கள். உறவு வளர ஆட்கள் ஒரு இடத்தில் நிற்க வேண்டும், நீங்கள் நிற்க விடவில்லை.

ஆய்வு மாணவி:

முருங்கன் அண்ணாவின் இந்தப் பதிலை ஒட்டி ஒன்று. பர்தானும் மற்றவர்களும் கண்ட இன்னொரு விடயம், வெளியே வேறு வழி உள்ளவர்கள் பொது வேலையில் அக்கறை குறைவார்கள் என்பது. தமிழ்நாட்டில் சொந்தக் கிணறு வைத்தவர் ஏரியைக் கைவிட்டார். நம்மிடம் சொந்தக் கிணற்றோடு கொழும்புச் சம்பளமும் வெளிநாட்டுக் காசும் சேர்ந்துவிட்டன. விளைச்சல் விழுந்தாலும் பட்டினி இல்லை என்றானவர் கூட்டத்துக்கு வர மாட்டார், ஆனால் காணியின் பேரில் உரிமை முழுதும் அவரிடம்.

நீரளவை:

சரி, காரியத்துக்கு வருவோம். பரந்தன் தம்பி, நீங்கள் செய்யக்கூடியது இதுதான். வாய்க்கால் காசைக் காணிக்காரர் என்ற முறையில் நீங்களே கட்டுங்கள். துப்புரவு உழைப்பை விதைக்கிறவர் போடட்டும், அந்த நாட்கூலியைக் குத்தகையில் கழியுங்கள். இரண்டையும் பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். குறிப்பில் வந்தால் அடுத்த வருடம் மற்றக் காணிக்காரரிடமும் அதே கணக்கைக் கேட்க அமைப்புக்குப் பிடி கிடைக்கும். பற்றுச்சீட்டும் செலவுக் கணக்கும் குழுவிலேயே போடச் சொல்லுங்கள். 1984 கட்டணம் விழுந்தது அங்கேதான்.

பரந்தன் பேரன்:

கட்டுகிறேன் ஐயா, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. குத்தகையில் கழிப்பதற்கும் சம்மதம். ஆனால் குழுவில் மற்றவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன், 'இன்னாரின் பேரன், இன்னாரின் மகள், நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்' என்று. விதியைக் காட்டிக் கேட்டால் ரொறன்ரோவில் இருப்பவர் குழுவை விட்டுப் போய்விடுவார். அப்பப்பாவின் பேரைச் சொல்லிக் கேட்டால் போக மாட்டார். அது வேலை செய்யும் என்று நான் இன்னும் நம்புகிறேன்.

முருங்கன் வயல்:

கூப்பிடுங்கள். விதைக்கிறவரையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.